கெஜக்கோலும் அதன் பூணும்

(திருபுவனையில் நமது சங்கத்தார் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது விசுவகர்ம குலத்தார் செய்த பெருங்காரியங்களைக் குறித்து இம்மேடையில் பலர் பேசியிருக்கின்றனர். தேர், கோபுரக் கதவு, ஐம்பொன் திருமேனி ஆகியவற்றைப் பேசுதற்கு அறிஞர் பலர் உளர். யான் இன்று எடுத்துக்கொண்டதோ சுண்டுவிரற் பருமனுள்ள ஒரு குச்சி. குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கியின் அடியிற் செருகப்பட்டிருக்குமே, அந்தக் கோல். தச்சனும் கொல்லனும் கூடினாலன்றி அது உருப்பெறாது. இருவருள் ஒருவர் அசட்டை செய்யின், மூன்றாமவன் ஒருவனுடைய கை கெடும். இதனை எங்கள் குடும்பம் ஏட்டிற் படித்து அறியவில்லை, பட்டு அறிந்தது.

இக்கோலுக்கு நம்மவர் வழங்கிய பெயர் கெஜக்கோல் என்பது. ஜவுளிக்கடையில் துணி அளக்கும் கெஜமும் இதுவும் ஒரே சொல், பாரசீகத்திலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர் இதனைப் 'பகேத்' என்பர். புதுச்சேரியில் ரொட்டிக்கடையில் நீளமான ரொட்டியைக் கேட்டு வாங்குகிறோமல்லவா, அதே பெயர்தான்! அவர்கள் மொழியில் அச்சொல்லுக்குக் கோல் என்பதே பொருள். ரொட்டிக்கு அப்பெயர் பின்னால் வந்தது.

கோல் செய்யும் வேலை யாது? முதலில் கரிமருந்தைக் குழலில் இடுவர். அதன்மேல் தேங்காய் நாரோ பழந்துணியோ அடைத்து, ரவை அல்லது குண்டை இறக்குவர். இவையெல்லாம் அடியிற்போய் ஒன்றன்மேலொன்று படியும்படி அழுத்துவது இக்கோலே. குண்டு பாதி வழியில் நின்று, மருந்துக்கும் அதற்கும் இடையில் வெற்றிடம் இருக்குமாயின், சுடும்போது குழலே பிளந்துவிடக்கூடும். சுட்ட பின்னர்க் கரியையும் கந்தகக் கசடையும் துடைத்தெடுப்பதும் இக்கோல்தான். கோலில்லாத துப்பாக்கி உலக்கையில்லாத உரலுக்குச் சமானம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் ஐரோப்பியப் படைகளிலும் மரக்கோலே பெரிதும் வழங்கிற்று. அவசரத்தில் அது முறியும். மழையில் ஊதித் தன் பள்ளத்திலேயே சிக்கிக்கொள்ளும். பிரஷ்யப் படைத்தலைவர் லியோபோல்டு என்பார் இரும்புக் கோலைப் புகுத்தினார். 1718-ஆம் ஆண்டளவில் அது அப்படை முழுவதிலும் பரவிற்று. 1741-இல் மோல்விட்சுப் போரில் பிரஷ்யர் காட்டிய வேகத்துக்கு அவ்விரும்புக் கோலும் ஒரு காரணமென்பர். ஆங்கிலப் படையிலோ அந்நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் பித்தளை முனையிட்ட மரக்கோல்களும் இருந்தன. 1748-இல் போஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டு, மழைக்காலம் தொடங்கவே விட்டுப்போன காலம், மரக்கோல் இரும்புக் கோலுக்கு மெல்ல இடங்கொடுத்துக்கொண்டிருந்த காலமாகும். ஆயினும் வேட்டைத் துப்பாக்கியிலும் காவல் துப்பாக்கியிலும் மரம் நீங்கவில்லை. மரம் இலேசானது, குழலின் உட்புறத்தைத் தேய்க்காது, உள்ளூர்த் தச்சனே செய்து தரக்கூடியது.

அவ்வாறு செய்து தந்தவர்களுள் என் பாட்டனாரும் ஒருவர். பிரெஞ்சு ஆட்சி நடந்த காலம். இவ்வூர் ஏரிப் பாசனத்தில் கரும்பு பயிரிட்டிருந்த நிலக்காரர் ஒருவர், நரியை விரட்டுதற்கு வைத்திருந்த துப்பாக்கியின் கோல் முறிந்ததென்று வந்தார். மறுநாளே வேண்டுமென்றார். பாட்டனார் பட்டறையிற் கிடந்த தேக்குச் சட்டத்திலிருந்து ஒரு கீற்றை வாளால் அறுத்து, உருட்டி இழைத்து, கொல்லரிடம் பூண் போடுவித்துக் கொடுத்துவிட்டார். கண்ணுக்கு அழகான கோல். சில நாட்களில் நிலக்காரர் நாரை அழுத்துகையில் அது நடுவில் முறிந்து, கையிலிருந்த பாதி அவருடைய மற்றொரு உள்ளங்கையில் ஏறிற்று. புண் ஆறியது, ஆனால் இரண்டு விரல்கள் அவருக்குப் பிறகு மடங்கவேயில்லை.

பூண் கனமாயிருந்ததனால் கோல் முறிந்தது என்றார் பாட்டனார். மரம் சொத்தை என்றார் கொல்லர். இருவரும் பல நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. பின்னர் ஒருநாள் முறிந்த துண்டுகளை எதிரில் வைத்துப் பார்த்தார்களாம். மரத்திற் சொத்தையில்லை. முறிவு குறுக்காகவும் இல்லை. மூன்று அங்குல நீளத்துக்கு எழுத்தாணி சீவினாற்போலச் சாய்வாக ஓடியிருந்தது. பாட்டனார் அதைக் கண்டவுடன் குற்றம் தம்முடையதென்று ஒப்புக்கொண்டார்.

காரணத்தைத் தச்சர்கள் அறிவீர்கள், ஏனையோருக்காகச் சொல்லுகிறேன். மரத்தின் நார் வாள் போகும் வழியில் போவதில்லை. வாளால் நேராக அறுத்த கீற்றில் நார் பக்கவாட்டில் வெளியேறி முடிந்துவிடும். அழுத்தும்போது கோல் வளையும். வளைந்தவுடன் அந்த நார் வழியே பிளந்து ஈட்டி முனையாகும். ஆதலால் கோலுக்குரிய மரத்தை அறுத்தல் கூடாது, பிளக்கவேண்டும். கோடரியால் பிளந்தால் நார் தானே வழிகாட்டும். நார் வளைந்தோடினால் அந்தத் துண்டை அடுப்புக்குக் கொடுத்துவிடுவதே நலம். மரமும் தேக்காக இருத்தல் கூடாது. தேக்கு உறுதியுடையதேனும் வளைந்து மீளும் குணம் அதற்குக் குறைவு. மலைச்சரிவுக் காடுகளில் வளரும் சடச்சி இதற்குச் சிறந்தது. கருவிப் பிடிகளுக்கும் வண்டி ஏர்க்காலுக்கும் அதனைத் தேடுவது அதன் துவளும் இயல்பைக் கருதியே. அமெரிக்கர் ஹிக்கரி மரத்தைப் பிளந்து செய்கின்றனர்; முறை ஒன்றே.

பிளந்த துண்டை நிழலில் உலர்த்தி, முதலில் நாற்பட்டையாகவும் பிறகு எண்பட்டையாகவும் பதினாறு பட்டையாகவும் இழைப்புளியால் இழைக்கவேண்டும். அதன்பின் துளையிட்ட இரும்புத் தகட்டின் வழியே அடித்துச் செலுத்தினால் உருண்டை தானே அமையும். பெரும்பாலான குழல்களுக்குக் கால் அங்குலத்துக்கு மேல் அரை அங்குலத்துக்குள் பருமன் போதும். நீளம் குழலைவிடச் சிறிது மிகுந்திருத்தல் வேண்டும். கண்ணாடிச் சில்லால் சுரண்டி, ஆளிவிதை எண்ணெயைப் பல நாள் ஊட்டிவிட்டால் மழை ஈரம் எளிதில் ஏறாது.

இனிக் கொல்லர் பங்கு. பூண் பித்தளையாக இருப்பது உத்தமம். பித்தளை குழலின் உட்புறத்தைக் கீறாது. இரும்பு உராய்ந்தாற்போலப் பொறி எழுப்பாது. முகப்பைத் தட்டையாக விடாமல் சிறிது குழித்தல் வேண்டும். ஈயக்குண்டு நசுங்காமல் அக்குழிவில் அமரும். மறுமுனைப் பூணில் மரை கடைந்து வைத்தால், துணி சுற்றும் கொக்கியையோ, சிக்கிய குண்டை வெளியே இழுக்கும் திருகையோ அதில் மாட்டிக்கொள்ளலாம்.

இங்கேதான் பலர் தவறுகின்றனர். பூணைப் பசையிட்டு ஒட்டிவிட்டால் போதுமென்று நினைக்கின்றனர். தள்ளும்போது பசை போதும், இழுக்கும்போது போதாது. ஈரத்துணியைச் சுற்றிக் குழலுக்குள் செலுத்தி வெளியே இழுக்கையில், பூண் மட்டும் உள்ளேயே தங்கிவிடும். அப்புறம் அதை எடுப்பது பிரம்மப் பிரயத்தனம்! ஆகையால் தச்சர் கோல்முனையைப் படி விட்டுக் குறைத்து, பூணின் வெளிப்புறமும் மரமும் ஒரே மட்டமாக இருக்கும்படி பொருத்தவேண்டும். இரண்டையும் ஊடுருவத் துறப்பணத்தால் துளையிட்டு, மெல்லிய குறுக்காணி ஒன்றைச் செலுத்தி, இருபுறமும் தட்டி, அரத்தால் ராவிவிடவேண்டும். துளை பெரிதானால் மரம் அவ்விடத்தில் பலங்குன்றும். ஆணி அற்பந்தான், ஆனால் தச்சன் வேலையையும் கொல்லன் வேலையையும் சேர்த்துப் பிடித்திருப்பது அதுவே.

செய்தவனோடு பொறுப்பு முடிவதில்லை. கோலைக் குழல்வாய்க்கு ஒரு சாண் உயரத்திற்குள் பிடித்துச் சிறிது சிறிதாகத் தள்ளவேண்டும். உச்சியைப் பிடித்து ஒரே மூச்சில் தள்ளுபவனுக்கு எத்தகைய கோலும் முறியும். தவிரவும், அழுத்திய பின் கோலைக் குழலிலேயே மறந்து விட்டுச் சுட்டுவிடுவோர் எக்காலத்தும் உண்டு.

இன்று இத்தொழிலைச் செய்ய நினைப்போர் ஒன்றை அறிதல் அவசியம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கியையோ அதன் உறுப்புக்களையோ செய்தல் குற்றமாகும். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டையும் நின்றது. குருவி சுட்டுப் பிழைத்த நரிக்குறவ மக்களின் பிழைப்பே அதனால் மாறிப்போயிற்று. குடகு நாட்டார்க்கு மட்டும் ஆங்கிலேயர் காலந்தொட்டு உரிம விலக்கு உண்டு; 2019-இல் மத்திய அரசு அதனை 2029 வரை நீட்டித்தது. அவர்கள் கைல்போது என்னும் திருநாளில் துப்பாக்கியைப் பூஜையில் வைத்து, குழல்வாயில் நமது செங்காந்தட் பூவைச் செருகுகின்றனர். அம்மொழியில் அதற்குத் துப்பாக்கிப் பூ என்றே பெயர். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துக்குச் செல்வோர் அங்குள்ள பழந்துப்பாக்கிகளின் விசையையும் செதுக்கு வேலையையும் பார்ப்பதோடு நில்லாமல், குழலின் கீழேயும் சிறிது குனிந்து பார்க்க வேண்டுகிறேன்.

நிலக்காரருக்குப் பாட்டனாரும் அக்கொல்லரும் சேர்ந்து, கூலி வாங்காமல், வேறொரு கோல் செய்து கொடுத்தனர். துப்பாக்கி பிற்காலத்தில் அரசாங்கத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது. கோல் மட்டும் எங்கள் வீட்டுக்கே திரும்பிவந்தது. அதோ, மேசைமேல் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் இளைஞர்கள் எடுத்து வளைத்துப் பாருங்கள், பயம் வேண்டாம். பூணின்மேல் விரலைத் தடவி, குறுக்காணி இருக்குமிடத்தைக் கண்டுபிடிக்க முடிந்தவர் என்னிடம் வந்து காட்டுங்கள். எனக்கு இன்றளவும் அது அகப்படவில்லை.