கிறிஸ்தவர் என்பார் யாவர்?

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்திற் செய்த உபந்நியாசம்)



நம் குலத்தில் தமையன் மாதா கோயிலுக்கும் தம்பி சிவன் கோயிலுக்கும் செல்லும் வீடுகள் உள. ஆதலின் இவ்வினா நமக்கு அயலார் வினா அன்று. ஞானஸ்நானம் பெற்றவர் கிறிஸ்தவர் என்பர் சிலர். விசுவாசப் பிரமாணத்தை ஏற்றவர் என்பர் சிலர். இரண்டும் வேண்டுவனவே. அவை மட்டும் போதுமா என்பதே கேள்வி.

இப்பெயர் இயேசுவின் சீடர்க்கு முதன்முதல் வழங்கியது அந்தியோகியா நகரில் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். அங்கே யூதரும் பிற இனத்தாரும் ஒரே பந்தியில் உண்டனர். பேதுருவும் அவ்வாறே உண்டார். எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன், அவர்க்கு அஞ்சிப் பந்தியை விட்டு விலகினார். தலைமைச் சீடர் என்றும் பாராமல், பவுல் அவரை முகத்துக்கு நேரே கண்டித்தார். பேதுரு ஞானஸ்நானத்தையோ விசுவாசத்தையோ மறுத்தாரல்லர், பந்தியையே மறுத்தார். அதுவே குற்றமாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். திருச்சபையில் சாதி வேற்றுமை நிற்றலாகாது என்று 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் உவில்சன் நிருபம் விடுத்தார். அவ்வேற்றுமை அதனால் ஒழிந்துவிடவில்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், பின்னர் எழுந்த கத்தோலிக்கத் திருக்குடும்ப ஆலயம் ஒரே பீடத்தை நோக்கிய இரு மண்டபங்களை உடையதாயிற்று. வேளாளர் ஒருபுறம், நாடார் மறுபுறம், இடையே மதில். ஒரே ஞானஸ்நானம், ஒரே ஜெபம், ஒரே நற்கருணை. ஆயினும் மதில் நின்றது. 1910-இல் அது இடிக்கப்பட்டது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும், மதிலுக்கு உரிமை கிடைக்கவில்லை.

அன்பர்களே, கல் மதிலை இடிக்கக் கடப்பாரை போதும். நெஞ்சிலுள்ள மதிலை இடிப்பவர் யார்? ஒரு குலத்தின் சங்கத்தில் நின்று இதனைச் சொல்ல என் நா கூசுகின்றது. சொல்லாது போயின் மனச்சாட்சி கூசும். நம் பிள்ளைகள் கற்கவும், நம் ஏழைகள் பிழைக்கவும் நாம் கூடுதல் தகும். பிறரை விலக்குதற்குக் கூடுவோமாயின், நம்முள் ஞானஸ்நானம் பெற்றோர் அப்பெயரைத் தாங்களே இழந்தவராவர்.

ஆகவே, என் சிற்றறிவுக்கு எட்டியவரை, கிறிஸ்தவர் என்பார், தாம் விலக்கக்கூடிய ஒருவரைத் தம் பந்தியில் அமர்த்தி உடன் உண்பவரே. ஞானஸ்நானம் அந்நெறிக்கு வாயில். விசுவாசப் பிரமாணம் அந்நெறிக்கு விளக்கு. வாயிலில் நின்று விளக்கைப் பிடித்திருப்பவன் வீடு சேர்ந்தவன் ஆகான். நடந்து சென்றவனே சேர்வான்.