மழையில் நின்ற துடைப்பான்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இலக்கியம் பேசக் கற்றறிந்தோர் பலர் இம்மேடையில் உளர். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திவிட்டு, கரக்பூர் சரக்கு அலுவலகத்தில் பேரேடு எழுதிவரும் எங்களுக்கு இங்கே என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். சென்ற மழைக்காலத்தில் நம் காலனியில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லவே வந்தோம்.

நம் காலனிப் பெரியவர் ஒருவரிடம் 1972-ஆம் ஆண்டின் அம்பாஸடர் வண்டி இருப்பதை அறிவீர்கள். உத்தர்பாராவில் செய்த வண்டி. அவ்வினமே 2014-இல் உற்பத்தி நின்றுபோயிற்று. எனினும் நமக்கு அவசரமென்றால் முதலில் நினைவுக்கு வருவது அவ்வண்டிதான். ஆடி மாதத்து இரவொன்றில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. கொட்டும் மழையில் அவளை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். பாதி வழியில், வைப்பர் என்னும் கண்ணாடித் துடைப்பான் அசைவற்று நின்றது. எதிரே சாலை தெரியவில்லை. ஒருவர் சன்னல் வழியே கையை நீட்டித் துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வர, வண்டி ஆமைபோல ஊர்ந்தது. இறைவன் அருளால் தாயும் சேயும் நலம். அக்குழந்தை இதோ முன்வரிசையில் பாட்டி மடியில் உறங்குகிறது.

மறுநாள் பட்டறை ஒன்றில், வண்டியைத் தொட்டும் பாராமல், “மோட்டார் போய்விட்டது, புதிதாக மாற்ற வேண்டும்” என்று சொல்லிவிட்டார்கள். பழைய வண்டிக்கு அப்பொருள் எளிதில் கிடைப்பதில்லை. பெரியவர் மனம் உடைந்து, “தம்பி, இனி இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டியதுதான்” என்றார். அச்சொல் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

1903-இல் அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் என்னும் அம்மையார் துடைப்பானுக்குக் காப்புரிமை பெற்றபோது, உள்ளிருந்து கையால் நெம்புகோலை அசைத்தே கண்ணாடியைத் துடைத்தார்கள். கைதான் அதற்கு மோட்டார். இன்று அவ்வேலையை மின்சாரம் செய்கிறது. ஆகவே மின்சாரம் எவ்வழியே வருகிறது, எவ்வழியே திரும்புகிறது என்று அறிந்தவனுக்கே கோளாறு புலப்படும்.

இது சரக்கு அலுவலகத்தார்க்குப் புதிய கலையன்று. ஒரு சரக்கு வந்து சேரவில்லையெனில், சேருமிடத்தாரைத் திருடர் என்போமா? ஏற்றிய நிலையத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு நிலையத்தின் ஏட்டையும் புரட்டிக்கொண்டே போவோம். எந்த நிலையத்தில் வரவு இருந்து பற்று இல்லையோ அங்கேதான் சரக்கு கிடக்கிறது. பாட்டரி ஏற்றுமிடம், ப்யூஸும் சுவிட்சும் இடைநிலையங்கள், மோட்டார் சேருமிடம்.

முதலில் காதால் கேட்க வேண்டும். மோட்டார் ஓடும் ஓசை கேட்டும் துடைப்பான் அசையாவிடில், குற்றம் மின்சாரத்தில் இல்லை; பற்சக்கரத்திலோ இணைப்புத் தண்டிலோ உள்ளது. எங்களுக்கு ஓசையே கேட்கவில்லை. அடுத்து ப்யூஸைப் பார்த்தோம். அது எரியவில்லை. எரிந்திருந்தால் காரணத்தைத் தேட வேண்டுமேயன்றி, தடித்த கம்பியைச் சுற்றி வைத்தல் கூடாது. அது வீட்டுக் கதவைத் திறந்துவைத்து நெருப்பை அழைப்பதாகும்.

பின்னர்ப் பன்னிரண்டு வோல்ட் பல்பு ஒன்றில் இரு கம்பிகளைப் பிணைத்துச் சோதனை விளக்கு செய்தோம். ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையில் மாட்டி, சுவிட்சைப் போட்டு, மறுமுனையால் ப்யூஸின் இருபுறமும், சுவிட்சின் இருபுறமும், இறுதியில் மோட்டாரின் முனையையும் தொட்டோம். எங்கும் விளக்கு நன்கு எரிந்தது. (சில வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும், சில பழைய வண்டிகளில் பாட்டரியின் நேர்முனையே எர்த் ஆகும். வண்டியின் கம்பிப் படத்தை முதலில் பார்த்துக்கொள்வது நலம்.)

சரக்கு சேருமிடம் வரை வந்துவிட்டது. ஆனால் வேலை நடக்கவில்லை. அப்படியானால் மோட்டார்தான் கெட்டதா? அங்கேதான் பலர் தவறுகிறார்கள். காலி வாகன்கள் திரும்பினால்தான் மறுபடி சரக்கு ஏறும் என்பது நாம் நாள்தோறும் காண்பது. மின்சாரத்துக்கும் திரும்பும் வழி வேண்டும். விளக்கின் முதல் முனையைப் பாட்டரியிலிருந்து எடுத்து, மோட்டாரின் உடலில் மாட்டினோம். மறுமுனை மோட்டாரின் மின்முனையிலேயே இருந்தது. விளக்கு எரியவில்லை! திரும்பும் வழி அறுந்திருந்தது.

அதிர்வோசை கேளாதிருக்க மோட்டாரை ரப்பர் வளையங்களின்மேல் பொருத்தியிருந்தார்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே மோட்டாரிலிருந்து வண்டியின் உடலுக்குத் தனியே ஓர் எர்த் கம்பி சென்றது. கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் வெடித்து, பல மழைகளின் நீர் ஒழுகி, அக்கம்பியின் திருகாணியைத் துரு தின்றிருந்தது. ஐயம் தீர, வேறொரு கம்பியால் மோட்டாரின் உடலைப் பாட்டரியின் எர்த் முனையோடு இணைத்தோம். துடைப்பான் உடனே ஓடிற்று!

பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, புதுத் திருகாணியால் இறுக்கி, வாசலின் பூசினோம். நீர் ஒழுகிய ரப்பரையும் மாற்றினோம். இல்லையேல் அடுத்த மழையில் அதே துரு திரும்பும்.

வேறு நோய்களும் உண்டு. மோட்டாரை மெல்லத் தட்டினால் ஓடுமெனில், உள்ளிருக்கும் கரித்துண்டுகள் தேய்ந்தோ சிக்கியோ இருக்கலாம். நிறுத்தும்போது துடைப்பான் ஓரத்துக்குத் திரும்பாமல் நடுவில் நின்றால், எல்லைச் சுவிட்சைப் பார்க்க வேண்டும். மெதுவாக ஓடினால், இறுகிய கிரீஸையோ துருவேறிய இணைப்பையோ ஐயுறலாம்.

அன்பர்களே! துருப்பிடித்த ஒரு திருகாணிக்காக ஐம்பதாண்டு உழைத்த வண்டியைப் பழைய இரும்பென்று சொல்லிவிட இருந்தோம். சோதித்துப் பாராமல் எதையும் கெட்டதென்று தள்ளுதல் வேண்டா. வரும் ஆடிக்கு முன், வண்டி வைத்திருப்போர் ஒருமுறை துடைப்பானை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். சோதனை விளக்கு எங்கள் வீட்டில் இருக்கிறது. எவரும் எந்நேரமும் வந்து வாங்கிச் செல்லலாம்.