இடுக்கி: மலையும் மக்களும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மட்டாஞ்சேரியில் வாழும் நாம் காலையில் குழாயில் நீர் பிடிக்கிறோம், தேநீர் பருகுகிறோம், மாலையில் விளக்கேற்றுகிறோம். இம்மூன்றுக்கும் நாம் கடன்பட்டிருக்கும் மாவட்டம் ஒன்று நம் கிழக்கெல்லையில் உண்டு. அதுவே இடுக்கி.

இடுக்கு என்பது குறுகிய மலைச்சந்து. குறவன், குறத்தி என்னும் இரு பாறைமலைகளுக்கிடையே பெரியாறு ஒடுங்கிப் பாய்ந்த இடமே இப்பெயர் பெற்றது. 1972 ஜனவரி 26ஆம் நாள் கோட்டயத்திலிருந்து தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீர்மேடு வட்டங்களையும், எர்ணாகுளத்திலிருந்து தொடுபுழை வட்டத்தையும் பிரித்து இம்மாவட்டத்தை அமைத்தனர். இங்குள்ள ஆனைமுடி 2,695 மீட்டர் உயரமுடையது; மேற்குத் தொடர்ச்சி மலையில் அதனினும் உயர்ந்த சிகரம் இல்லை. இன்றளவும் இம்மாவட்டத்தில் இருப்புப்பாதை கிடையாது.

முற்கூறிய மலைச்சந்தை அணையால் அடைத்து 1976 முதல் மின்சாரம் எடுக்கின்றனர். மூலமற்றத்து மின்நிலையத்தை இயக்கிய நீர், பின்னர் மூவாற்றுப்புழை ஆற்றைச் சேர்கிறது. அவ்வாறும் பெரியாறுமே நம் கொச்சிக்குக் குடிநீர் தருகின்றன. பெரியாற்றின் மேற்பகுதியில் 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையோ, கிழக்கே தேனி, மதுரைச் சீமை வயல்களை நனைக்கிறது. மலை ஒன்று, அது ஊட்டும் நாடுகள் இரண்டு.

இனி மக்களைக் காண்போம். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி இடுக்கியின் மக்கள்தொகை 11,08,974. சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 255 பேர். நம் எர்ணாகுளத்திலோ ஆயிரத்துக்கு மேல். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் சிற்றூர்வாசிகள். 2001ஆம் ஆண்டை நோக்க, பத்தாண்டுகளில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் குறைந்திருந்தனர். கேரளத்தில் அவ்வாறு குறைந்த மாவட்டங்கள் இடுக்கியும் பத்தனந்திட்டையும் மட்டுமே. பிறப்பு குறைந்தது ஒருபுறம். படிப்பையும் பிழைப்பையும் நாடி மலையிறங்கியது மறுபுறம்.

அம்மக்கள் யாவர்? முதுவர், மன்னான், ஊராளி முதலிய பழங்குடியினர் ஒரு சாரார். முதுவர் தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்ததாகவே கூறுவர். சமவெளியிலிருந்து ஏறிவந்து காடு திருத்திய மலையாள உழவர் மற்றொரு சாரார். தேயிலை, ஏலத் தோட்டங்களுக்குக் கிழக்கிலிருந்து வந்த நம் தமிழர் பிறிதொரு சாரார்.

மூணாற்றுத் தேயிலை முற்காலத்தில் கம்பிவழியே கிழக்கே இறங்கிப் போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் சென்றது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அங்கிருந்த மலை ரயிலை அழித்தது. 1931இல் ஆலுவாயிலிருந்து புதிய சாலை திறந்தது. சரக்கு மேற்கே திரும்பியது. 1947இல் கொச்சியில் தேயிலை ஏலமும் தொடங்கிற்று. இவ்வாறு தமிழ்ப் பெண்கள் கிள்ளிய கொழுந்து நம் துறைமுகத்தை வளர்த்தது.

ஆயின், கொழுந்து கிள்ளியவர் நிலை யாது? தோட்டத்து லயத்தில் ஒண்டியிருப்பர். வேலை முடிந்தால் வீடும் முடியும். மூன்று தலைமுறை உழைத்தும் காணி நிலம் இல்லாதார் பலர். 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது எழுபது உயிர்கள் மாண்டன. அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் குழந்தைகளுமே. கணக்கேட்டில் அது ஓர் எண். கயத்தாறு முதலிய தென்பாண்டி ஊர்களிலோ அது சுற்றத்தாரின் அழுகுரல்.

அன்பர்களே, நாமும் பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்தவர்களே. எனினும் துறைமுகத்துக்கு வந்தவருக்குக் கடையும் வீடும் கைகூடின; மலைக்குச் சென்றவருக்கு அவை கைகூடவில்லை. இன்று அவர்தம் மக்கள் கல்லூரிக்கும் வேலைக்கும் கொச்சி வருகின்றனர். தங்க ஓரிடமும், படிக்கச் சில நூல்களும், துணைக்கு ஒரு பெரியவரும் அவர்களுக்குத் தேவை. அவற்றை அளிக்க நம் சங்கத்தால் இயலும். நாம் பருகும் நீருக்கும் தேநீருக்கும் செலுத்தும் சிறு கைம்மாறாக அது அமையட்டும்.