கடினம் யாருடையது?

 

வெள்ளி விழாக் காணும் நமது கழகத்தின் மேடையிலே மாணவர்க்குப் பயன்படும் பொருள் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று பணித்தார்கள். கழகத்தின் பணிகளைப் பாராட்டிப் பேசப் பெரியோர் பலர் வந்திருக்கிறார்கள். ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் நான் ஓர் இலக்கணப் பகுதியை எடுத்துக்கொண்டேன். விழா மேடையில் இலக்கணமா என்று நீங்கள் எண்ணலாம். விண்ணப்பம் எழுதும்போதும், நேர்முகத் தேர்வில் விடை கூறும்போதும் நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுவே என்பதால் துணிந்து எடுத்துக்கொண்டேன்.

ஆங்கிலத்தில் பெயரடையை அடுத்து 'டு' சேர்ந்த வினை வருவது அன்றாட வழக்கு. 'கிளாட் டு மீட் யூ', 'ரெடி டு ஸ்டார்ட்', 'அஃப்ரெய்ட் டு ஆஸ்க்', 'ஈசி டு ரீட்' என்பன நீங்கள் கேட்டறிந்தவை. 'கேட்க அச்சம்', 'படிக்க எளிது', 'பார்க்க அழகு' என்று நாமும் 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சத்தைக் கொண்டு பேசுகிறோம். ஆகவே இந்த அமைப்பு நமக்கு முற்றிலும் அயலானதன்று. ஆனால் இதனுள் இரண்டு வகை உண்டு. அதை அறியாமல் எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும்.

மொழியியல் அறிஞர் நோம் சோம்ஸ்கி 1960களில் இரண்டு வாக்கியங்களை எடுத்துக்காட்டிப் புகழ்பெறச் செய்தார். 'ஜான் இஸ் ஈகர் டு ப்ளீஸ்' என்பது ஒன்று. 'ஜான் இஸ் ஈசி டு ப்ளீஸ்' என்பது மற்றொன்று. ஒரே ஒரு சொல்தான் வேறுபாடு. முதல் வாக்கியத்தில் மற்றவரை மகிழ்விக்க விரும்புகிறவன் ஜான். இரண்டாவதில் ஜானை மற்றவர்கள் எளிதில் மகிழ்விக்கலாம். அங்கே மகிழ்விப்பவர் வேறொருவர்.

கிளாட், ஹேப்பி, சாரி, அஃப்ரெய்ட், ஈகர், வில்லிங், ரெடி, ஏபிள் ஆகியவை முதல் வகை. இவை எழுவாயாக நிற்கும் ஆளின் மனநிலையையோ ஆற்றலையோ சொல்பவை. வினையைச் செய்பவரும் அவரே. ஈசி, டிஃபிகல்ட், ஹார்ட், டேஞ்சரஸ் ஆகியவை இரண்டாம் வகை. இவை செயலின் தன்மையைச் சொல்பவை. நம் ஊருக்கு அருகே சேர்வராயன் மலை நிற்கிறது. 'தி ஹில் இஸ் டிஃபிகல்ட் டு கிளைம்' என்றால் மலையா ஏறுகிறது? ஏறுபவர் வேறு, ஏறப்படுவது மலை.

இந்த நுட்பம் ஆங்கிலேயர்க்கும் அமெரிக்கர்க்கும் பிறவியிலேயே வந்துவிடுகிறதா என்றால், இல்லை. கரோல் சோம்ஸ்கி என்னும் அம்மையார், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட, ஐந்து முதல் பத்து வயது வரையிலான 40 குழந்தைகளைக் கொண்டு ஆராய்ந்து 1969இல் நூலாக வெளியிட்டார். கண்ணைக் கட்டிய பொம்மை ஒன்றைக் காட்டி, 'இஸ் தி டால் ஈசி டு சீ ஆர் ஹார்ட் டு சீ?' என்று வினவினார். பொம்மையைப் பார்ப்பது நமக்கு எளிது என்பதே விடை. சிறு குழந்தைகளோ, கண் கட்டியிருப்பதால் பொம்மைக்குப் பார்ப்பது கடினம் என்று பொருள் கொண்டார்கள். ஒன்பது வயதை எட்டிய பிறகே எல்லாப் பிள்ளைகளும் சரியாக விடை கூறினார்கள். தாய்மொழியாகப் பேசும் குழந்தைக்கே இத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்றால், பள்ளியில் மட்டும் ஆங்கிலத்தைக் காணும் நம் பிள்ளை தடுமாறுவதில் நாணத்திற்கு இடமே இல்லை.

இனி நம் மாணவர் எழுதுவதைப் பார்ப்போம். 'ஐ ஆம் டிஃபிகல்ட் டு லேர்ன் இங்கிலீஷ்' என்று எழுதுகிறார்கள். சொல்ல வந்தது, ஆங்கிலம் கற்பது எனக்குக் கடினம் என்பது. தமிழில் நாம் 'நான் கடினம்' என்று சொல்வதில்லை. 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமை உருபைச் சேர்த்து, கடினத்தைச் செயலின்மேல் வைக்கிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த 'கு' உருபை விட்டுவிட்டு 'ஐ' என்று தொடங்கினால், கடினம் முழுவதும் நம் தலைமேல் வந்து விழுகிறது. 'இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மி டு லேர்ன் இங்கிலீஷ்' என்பதே சரி. நமது 'கு' உருபின் வேலையை அங்கே 'ஃபார்' செய்கிறது. அவ்வாறே, 'ஐ ஆம் பாசிபிள் டு கம்' என்பது பிழை. 'இட் இஸ் பாசிபிள் ஃபார் மி டு கம்' என்றோ, 'ஐ ஆம் ஏபிள் டு கம்' என்றோ எழுத வேண்டும்.

'ஃபார்' வருகிற இடத்தையும் 'ஆஃப்' வருகிற இடத்தையும் பிரித்தறிய வேண்டும். 'இட் இஸ் கைண்ட் ஆஃப் யூ டு ஹெல்ப் மி' என்கிறோம். அன்பு, அறிவு, மடமை ஆகியவை ஆளின் குணங்கள், ஆகவே 'ஆஃப்'. கடினம் ஆளின் குணமன்று. ஆகவே அதற்கு 'ஃபார்'.

இளைஞர்களே, இதில் வெறும் இலக்கணம் மட்டும் இல்லை. 'இந்தப் பிள்ளைகள் கற்பிக்கக் கடினமானவர்கள்' என்று நம் குழந்தைகளைப் பற்றிச் சொல்லும் பேச்சை என் பணிக்காலத்தில் பலமுறை கேட்டிருக்கிறேன். 'தே ஆர் டிஃபிகல்ட் டு டீச்' என்னும் ஆங்கில வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் அதில் ஒரு பகுதி மறைந்து நிற்கிறது. கற்பிப்பது யார்? யாருக்குக் கடினம்? மலை ஏறுவது முதியவர்க்குக் கடினம். ஆடு மேய்க்கும் சிறுவனுக்கு எளிது. மலை ஒன்றுதான். அதுபோலவே, கற்பிக்கக் கடினம் என்பவரிடம் 'ஃபார் ஹூம்?' என்று கேளுங்கள். மறைந்திருக்கும் 'ஃபார் மி' வெளிவரும். அந்தக் கடினம் பிள்ளையின் பிறவிக் குணம் அன்று. கற்பிப்பவர் முயன்று தீர்க்க வேண்டிய வேலை.

விண்ணப்பப் படிவங்களிலும் இப்பெயரடைகளே ஆட்சி செய்கின்றன. 'எலிஜிபிள் டு அப்ளை' என்றால் விண்ணப்பிக்கத் தகுதியுடையவர். 'வில்லிங் டு ஒர்க்' என்றால் பணிபுரிய இசைபவர். 'லையபிள் டு பி ரிஜெக்டட்' என்றால் தள்ளுபடிக்கு உள்ளாகக்கூடியது. இவற்றை ஒருவர் படித்துச் சொல்லக் கேட்டுக் கையொப்பமிடும் நிலை நம்மிடம் இனி இருத்தல் ஆகாது. 'எலிஜிபிள்' என்பதை அடுத்து வினை வந்தால் 'டு', பெயர் வந்தால் 'ஃபார்' என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். 1950 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள நமது அரசியலமைப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவில் இதன் எதிர்ச்சொல்லான 'இன்எலிஜிபிள்' வருகிறது. சாதி முதலியவற்றை மட்டுமே காரணமாகக் காட்டி எந்தக் குடிமகனையும் அரசுப் பணிக்குத் தகுதியற்றவர் ஆக்கக்கூடாது என்பது அதன் கருத்து. அந்தச் சட்டத்தின் வரைவுக்குழுத் தலைவர் டாக்டர் அம்பேத்கர். ஒரு பெயரடையின் பின்னே எத்தனை தலைமுறைகளின் வாழ்வு நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள்!

நம் முன்னோர் இந்தக் கருவியைக் கையாண்டவர்களே. இரட்டைமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். 1930இல் லண்டனில் கூடிய வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்து நம் மக்களுக்காக வாதாடினார். பள்ளி ஆசிரியராக இருந்த எம்.சி. ராஜா, ஒடுக்கப்பட்டோர் நிலையை 1925இல் ஆங்கில நூலாகவே எழுதினார். இவர்களுள் எவர்க்கும் ஆங்கிலம் தாய்மொழியன்று. கற்றுக் கைவரப்பெற்றது.

ஆகவே கொண்டப்பநாயக்கன்பட்டி இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இது. நாள்தோறும் ஒரு பெயரடையை எடுத்துக்கொண்டு, உங்கள் வாழ்க்கையிலிருந்தே ஐந்து வாக்கியங்கள் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும், வினையைச் செய்பவர் யார் என்று கேளுங்கள். மாலையில் மூத்த மாணவர் இளையவர்க்குத் திருத்திக் கொடுங்கள்.

இறுதியாக ஒன்று. 'யூ ஆர் ஷ்யூர் டு பாஸ்' என்று நான் சொன்னால், அந்த உறுதி சொல்லுகிற என்னுடையது. 'யூ ஆர் ஷ்யூர் ஆஃப் பாசிங்' என்றால் அந்த உறுதி உங்களுடையது. முன்னதை நான் இன்று உங்களுக்குத் தருகிறேன். பின்னதை உழைப்பினால் நீங்களே பெற வேண்டும்.