இருப்புப் பாதையும் அதனை ஆய்பவரும்
(தென்காசியில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குற்றாலத்தில் சாரல் பொழியும் இந்நாளில் இருப்புப் பாதையைப் பற்றிப் பேசப் புகுந்தமைக்குப் பொறுத்தருள்க. நம் மக்களை நாள்தோறும் வண்டியேற்றி அனுப்புகின்றோம். அவ்வண்டி செல்லும் பாதை தக்கதே என உறுதி கூறுபவர் யாவர் என்று என்றேனும் வினவியதுண்டோ?

செங்கோட்டையினின்று ஆரியங்காவு வழியே கொல்லம் செல்லும் மலைப்பாதை 1904-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. 1,000 மில்லிமீட்டர் அகலமுடைய அப்பாதையை 1,676 மில்லிமீட்டராக விரிக்கும்பொருட்டு, 2010-ஆம் ஆண்டில் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே வண்டி நிறுத்தப்பட்டது. மீண்டும் முழுவழியும் வண்டி ஓடியது 2018-ஆம் ஆண்டிலேதான். "தண்டவாளம் கண்ணுக்குத் தெரிகிறது, வண்டியைக் காணோமே!" என்று நம்மவர் குறைகூறியதை யானும் கேட்டதுண்டு.

பாதை போட்டவுடன் பிரயாணிகளை ஏற்றுதற்குச் சட்டம் இடந்தருவதில்லை. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் நேரில் வந்து, பாலம், சுரங்கம், வளைவு, கைகாட்டி அனைத்தையும் பார்வையிட்டு, வண்டியை ஓட்டிச் சோதித்து, இன்ன வேகத்திற்கு மேற்படலாகாது என வரையறுத்த பின்னரே வழி திறக்கப்படும். பிரயாணிகள் உயிரிழக்கும் பெருவிபத்துக்களை விசாரிப்பவரும் அவரே.

நிற்க. இவ்வாணையர் ரயில்வே அமைச்சகத்துக்கு அடங்கியவரல்லர். விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு உட்பட்டவர். இது விந்தையாகத் தோன்றலாம். முற்காலத்தில் இவ்வதிகாரிகள் ரயில்வே வாரியத்தின் கீழேயே இருந்தனர். அது முறையன்றெனக் கண்டு 1941-ஆம் ஆண்டில் அவர்களைப் பிரித்து வேறு இலாகாவில் சேர்த்தனர். இதன் நியாயம் என் போன்ற ஆசிரியர்க்கு எளிதில் விளங்கும். பாடஞ்சொன்ன ஆசிரியனே தன் மாணாக்கரின் அரசாங்கப் பரீட்சைத் தாளைத் திருத்துவதில்லை. அவனது நேர்மையில் ஐயமுற்றன்று. தன் உழைப்பின்மேல் வைத்த பற்றுக் கண்ணை மறைக்கும் என்பதனாலேயாம்.

1956-ஆம் ஆண்டு நவம்பரில் அரியலூருக்கு அருகே வெள்ளத்தால் பாலம் சிதைந்து, தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் வீழ்ந்து, 100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சராயிருந்த லால்பகதூர் சாஸ்திரி பதவி துறந்தார். அவர் செயல் போற்றத்தக்கதே. ஆயினும் பதவி துறத்தல் இறந்தவரை மீட்பதில்லை. முன்னரே செய்யும் சோதனையே உயிரைக் காக்கும்.

ஒரு குறையையும் மறையாது கூறல் வேண்டும். இவ்வாணையர்கள் ரயில்வேப் பணியிலிருந்தே எடுக்கப்படுகின்றனர். தொழில் அறிந்தவரே ஆய்தற்கு உரியர் என்பது மெய்தான். எனினும் பழைய உறவு தீர்ப்பைத் தளர்த்தாவாறு விழித்திருத்தல் இன்றியமையாதது.

அன்பர்களே! நாட்டுக்கு உரிய நீதி நமக்கும் உரியதன்றோ? நம் சங்கத்தின் கல்வி நிதிக் கணக்கை எழுதுவோரும் நாமே, சரியென ஒப்பமிடுவோரும் நாமே. இனி ஆண்டுக்கொரு முறையேனும் நிர்வாகத்திற் சேராத ஒருவர் அதனைத் தணிக்கை செய்க என்பது என் விண்ணப்பம். இது எவரையும் ஐயுறுதலன்று. ஏழைப் பிள்ளைகளின் பொருளைக் காத்தலேயாம்.