மூலவுருவும் இயந்திரக் கையும்

(விருத்தாசலத்தில் நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



தில்லையம்பதியிலே மண்ணோடு வனைந்து அடியார்க்கு அளித்து வாழ்ந்த திருநீலகண்ட நாயனாரின் திருவடிகளை வணங்கி, எனக்குக் குறிக்கப்பட்ட பொருளிற் புகுகின்றேன். சென்ற கூட்டம் முடிந்து நாம் கலையும் வேளையில் வாலிபர் சிலர் தம் கைப்பேசியிலே ஒரு சலனப் படத்தைப் பெரியவர்களுக்குக் காட்டினர். இரும்பினாலாய ஒரு நெடுங்கை, ஆளுயரமுள்ள வெண்ணிற நுரைக் கட்டியிலிருந்து ஒரு குதிரையின் தலையைச் செதுக்கி எடுக்கும் காட்சி அது. கண்ட முதியவர் ஒருவர், "திகிரி போயிற்று; இனிக் கையும் போகுமோ?" என்றார். அவ்வொரு வினாவுக்கு விடை தேடுதலே இன்றைய என் பேச்சு.

பெரிய பொருளைச் செய்க என்று உலகம் நம் குலத்தாரைக் கேட்பது புதிதன்று. புறநானூற்றின் 256-ஆம் செய்யுளிலே, கணவனை இழந்தாள் ஒருத்தி குயவனை விளித்து, அவனுக்கெனச் செய்யும் ஈமத்தாழியைத் தனக்கும் இடமிருக்குமாறு அகலமாக வனைந்து தரும்படி வேண்டுகின்றாள். துயரத்தின் ஆழத்தை விடுத்து, தொழிலாளியின் கண்கொண்டு மட்டும் அதனை நோக்குமின்! தாழியின் வாய் அகன்றால் தோள் சரியும். சுவர் தடித்தால் சூளையில் வெடிக்கும். அளவு பெருகப் பெருக மண்ணே பகையாகும். புதுக்கோட்டைச் சீமையிலும் பிறவிடங்களிலும் ஐயனார் கோயில்களின் முன் நிற்கும் சுடுமண் குதிரைகளைச் செய்தவர் இப்பகையை வென்ற விதம் யாதெனின், உள்ளே கூடாக, அடியிலிருந்து சிறிது சிறிதாக, கீழ்ப்பகுதி இறுகியபின் மேற்பகுதி ஏற்றி வளர்த்தமையேயாம். அங்கே அச்சு இல்லை. ஒவ்வொரு குதிரையும் ஒன்றே. அதன் உடன்பிறப்பு வேறோர் உருவினது.

நம் ஊரின் பீங்கான் தொழிலோ அச்சினை நம்பியது. மண்கூழைப் பாரிஸ் சாந்து அச்சில் வார்க்கின்றோம். சாந்து நீரை உறிஞ்சுகின்றது. சுவரில் மண் படிகின்றது. எஞ்சிய கூழைக் கவிழ்த்துவிட, உள்ளீடற்ற பொம்மை கிடைக்கின்றது. இவையெல்லாம் இங்கிருக்கும் சிறுவனும் அறிவான். ஆனால் அச்சு எதிலிருந்து பிறந்தது? மூலவுருவிலிருந்து. கோயிலிலே மூலவர் கருவறையில் நிலையாயிருக்க, உற்சவர் வீதி உலா வருதல்போல, மூலவுரு வீட்டில் இருக்க அதன் அச்சுகளே உழைத்துத் தேய்கின்றன. சாந்து அச்சு நூறு வார்ப்பின் அளவிலே முனை மழுங்கிப் போகும். மூலவுரு கையில் உள்ளவன் மறுபடி அச்செடுப்பான். இல்லாதவன் என் செய்வான்? கடையில் விற்கும் பொம்மையை வாங்கி அதன்மேல் சாந்து வார்ப்பான்.

இவ்விடத்தே சிறிது கணக்குப் பார்த்தல் வேண்டும். ஈரமண் உலர்ந்து வெந்து முடியுமளவில் நூற்றுக்குப் பத்துப் பங்கு சுருங்குகின்றது எனக் கொள்வோம். களிமண்ணின் இனத்திற்கேற்ப இது கூடும், குறையும். மூலவுரு 40 அங்குலமாயின் சூளையிலிருந்து வரும் பொருள் 36 அங்குலம். அச்சுடைந்தபின் அந்த 36 அங்குலப் பொருளின்மேல் அச்செடுத்து வார்த்தால் 32.4 அங்குலம். அதன்மேலும் அச்செடுப்பின் 29 அங்குலத்துக்குச் சிறிது மேல். பாட்டன், தந்தை, மகன் என மூன்று தலைமுறையில் உருவம் கால் பங்குக்கு மேல் குன்றுவதல்லது, கண்ணிமையும் விரல் நகமும் மழுங்கி முகமே மாறுகின்றது. படியெடுப்போன் பொருள் குறுகும் என்பது அறநூலின் வாக்கன்று, களிமண்ணின் இயல்பு. ஆதலின், நம் தொழிலின் உயிர் திகிரியிலும் இல்லை, சூளையிலும் இல்லை. மூலவுருவைப் புதிதாக ஆக்கும் ஆற்றலிலே இருக்கின்றது என்பது என் கருத்து. இயந்திரக் கையைப் பற்றிய விசாரணையும் இங்கேதான் தொடங்கவேண்டும்.

'ரோபோ' என்னும் சொல் செக்கு நாட்டு நாடகாசிரியராகிய காரெல் சாப்பெக் 1920-இல் வெளியிட்ட நாடகம் ஒன்றால் உலக வழக்கிற் புகுந்தது. அம்மொழியில் அதன் வேர்ச்சொல்லுக்குக் கூலியின்றிச் செய்யும் கட்டாய ஊழியம் என்பது பொருள். நம் சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என வரும் வரிவேலையும் அதுவே. வெட்டி வேலையைச் செய்யும் கருவி வெட்டும் வேலையையும் கற்றது என்று சொல்லிப் பண்டிதர்கள் மகிழலாம், அது நிற்க. 1961-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலே ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 'யூனிமேட்' என்னும் முதல் தொழிற்சாலைக் கை, கொதிக்கும் வார்ப்புகளை எடுத்து வைக்கும் வேலையில் அமர்த்தப்பட்டது. 1973-இல் ஜெர்மனியின் கூக்கா நிறுவனத்தார் மின்விசையால் இயங்கும் ஆறு மூட்டுகளையுடைய கையை ஆக்கினர். தோள், முழங்கை, மணிக்கட்டு என நம் கையின் அமைப்பே அதற்கும் உண்டு. சென்னையை அடுத்த மோட்டார் கார் ஆலைகளில் இத்தகைய கைகள் தகடுகளைப் பற்றவைத்தும் வர்ணம் பூசியும் வருகின்றன.

அந்தக் கையின் நுனியில் பற்றவைக்கும் கருவிக்குப் பதிலாக, நிமிடத்திற்குப் பல்லாயிரம் சுற்றுச் சுழலும் கட்டரைப் பொருத்தினால் அது செதுக்கும் கையாகின்றது. சாதாரண மில்லிங் இயந்திரத்தின் கட்டர் பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கியே இறங்கும். மோவாயின் அடியையும் காதின் பின்புறத்தையும் அதனால் தொடமுடியாது. ஆறு மூட்டுள்ள கையோ மணிக்கட்டை மடக்கி அவ்விடங்களிலும் புகும். கையைத் தண்டவாளத்தின்மேல் ஏற்றினால் பத்து மீட்டர் நீளப் பொருளையும் தொடர்ந்து செதுக்கும். பொருளைச் சுழலும் மேடையில் வைத்துவிட்டால், மேடை திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் நின்ற கை நாற்புறமும் வேலை செய்யும். அந்தச் சுழல்மேடை யாது? நம் திகிரியே! போயிற்று என்று பெரியவர் வருந்திய அது, மேல்நாட்டுப் பட்டறையிலே வேறு பெயரோடு உட்கார்ந்திருக்கின்றது.

இனி, ஏன் நுரை? இயந்திரக் கையின் பலவீனத்தை அறிந்தால் காரணம் விளங்கும். ஆறு மூட்டிலும் மயிரிழையளவு தளர்ச்சி இருப்பினும், நுனியிலே அவை ஒன்றுசேர்ந்து பெருகும். நீண்ட கழியின் முனையில் எழுத்தாணியைக் கட்டி எழுதுவோன் படும் பாடு அது. இரும்பிலும் கருங்கல்லிலும் கட்டர் அழுந்தும்போது கை நடுங்கும். கல்லுக்கு அதனைப் பயன்படுத்துவோர் உளரேனும் மிகவும் மெல்லச் செல்கின்றனர். நுரையோ எதிர்ப்பதே இல்லை. நாம் தெர்மாகோல் என்று வழங்கும் பொருளின் உடம்பில் நூற்றுக்கு 98 பங்கு காற்று. ஒரு கன மீட்டர் நுரை 15 முதல் 30 கிலோ எடையே உடையது. அதே அளவு கருங்கல் 2,700 கிலோ. பள்ளிச் சிறுவன் இருவர் தூக்கிச் செல்லும் கட்டியிலிருந்து யானையின் தலை பிறக்கின்றது.

செய்முறையைச் சுருங்கக் கூறுவேன். கையளவாகப் பிடித்த மண் உருவத்தை ஒளிக்கருவியால் அளந்து கணிப்பொறியில் ஏற்றுகின்றனர். வேண்டிய அளவுக்குப் பெருக்குகின்றனர். கட்டர் செல்லவேண்டிய வழியை வகுக்கின்றனர். முதலில் தடித்த கட்டர் மிகையை நீக்கும். பின்னர் உருண்டை முனைக் கட்டர் நெருங்கிய வரிகளாக ஓடி உருவைத் துலக்கும். வரிகளுக்கிடையே மெல்லிய வரப்புகள் நிற்கும். உப்புத்தாளால் அவற்றைத் தேய்த்து நீக்குவது மனிதக் கையே. பல கட்டிகளை ஒட்டிப் பெரிதாக்கும்போது பசையின் வகையிலே கருத்து வேண்டும். பசை நுரையைவிடக் கடினமாக உறையின், கட்டர் அதன்மேல் துள்ளி ஒவ்வோர் ஒட்டிலும் தழும்பு விடும். மேற்பூச்சிலும் எச்சரிக்கை உண்டு. படகு செய்வோர் பூசும் பாலியெஸ்டர் பிசினைத் தெர்மாகோலின்மேல் தடவினால், செதுக்கிய உருவம் கண்முன்னே கரைந்து குழியும். எப்பாக்ஸிப் பிசினோ நீர்கலந்த பூச்சோதான் அதற்கு ஆகும். பாலியூரித்தேன் நுரைக்கு இந்தத் தொல்லை இல்லை, விலை அதிகம்.

நுரை உருவமே முடிந்த பொருளன்று. அது நீரை உறிஞ்சாதாகலின் அதில் மண்கூழை வார்க்க இயலாது. அதன்மேல் சாந்து வார்த்து, துண்டு துண்டாக அச்செடுத்து, அவ்வச்சில்தான் மண்ணை வார்க்கவோ அழுத்தவோ வேண்டும். உலோக வார்ப்பில் வேறொரு வழி உண்டு: மணலில் நுரை உருவைப் புதைத்து உருக்கிய உலோகத்தை ஊற்ற, நுரை எரிந்து ஆவியாக, அதன் இடத்தை உலோகம் கொள்ளும். ஹெரால்டு ஷ்ராயர் என்பார் இதற்கு 1958-இல் அமெரிக்க உரிமை பெற்றார். சுவாமிமலை ஸ்தபதிகளின் மெழுகு வார்ப்புக்கு இது தம்பி முறை.

அன்பர்களே! இயந்திரக் கை அறியாதன எவை என்பதே நமக்கு முக்கியம். 36 அங்குலப் பொருளுக்கு 40 அங்குல மூலவுரு வேண்டும் என்பதைக் கணிப்பொறி ஒரு நொடியிற் கணக்கிடும். ஆனால் பத்துப் பங்கா, பன்னிரண்டு பங்கா என்பதை நாம்தான் அதற்குச் சொல்லவேண்டும். நெய்வேலிச் சுரங்கத்தின் பழுப்பு நிலக்கரியை மூடிக் கிடந்த வெண்களிமண் எவ்வளவு சுருங்கும், அதனோடு கல்பொடியைக் கலந்தால் எவ்வளவு என்பது சோதனைத் தகடு சுட்டு அளந்தவனுக்கே தெரியும். நீட்டிய கை சூளையில் தன் பாரத்தால் தொங்கும் என்று முன்னுணர்ந்து மூலவுருவிலேயே அதனைச் சிறிது மேல்நோக்கி வைப்பவன், சூளையில் பலமுறை ஏமாந்தவனே. அச்சை இரண்டாகப் பிரிப்பதா ஏழாகப் பிரிப்பதா, பிரியும் கோடு மூக்கின்மேல் செல்லாமல் தலைமயிரின் ஓரத்திலே மறைவது எங்ஙனம் என்பனவும் அப்படியே. இவ்வறிவு இல்லாதவன் விலையுயர்ந்த இயந்திரத்தை வாங்கினாலும், அழகிய நுரைக் குதிரையைச் செய்து முற்றத்தில் நிறுத்திப் பார்த்திருக்கலாம். சுட்ட குதிரை அவனுக்குக் கிட்டாது.

மறுபுறத்தையும் மறைத்தல் தகாது. குஜராத்தில் 2018-இல் திறக்கப்பட்ட 182 மீட்டர் உயரமுள்ள படேல் சிலைக்கு மாதிரி வடித்தவர் நம் நாட்டுச் சிற்பி ராம் சுதார். அதன் வெண்கலத் தகடுகள் வார்க்கப்பட்டதோ சீனத்தில். ஐதராபாத்தை அடுத்து 2022-இல் திறக்கப்பட்ட 216 அடி இராமாநுசர் சிலையும் சுமார் 1,600 துண்டுகளாகச் சீனத்தில் வார்க்கப்பெற்று இங்கே வந்து கூட்டப்பட்டது. திருப்பெரும்புதூரில் அவதரித்த மகான் தம் உருவோடு கடல் கடந்து மீண்டார்! நம்மவர்க்குக் கலை இல்லாமையால் அன்று. சிற்றுருவைப் பேருருவாக்கித் துண்டுதோறும் அளவு பிசகாமல் செய்துதரும் பட்டறைகள் இங்குப் போதாமையே காரணமென்று நினைக்கின்றேன். பெரிய வேலை கேட்டு வருவோர் அந்த வசதி உள்ள இடத்தையே நாடுவர். "எங்கள் பாட்டன் கைவேலை" என்று சொல்லிக்கொண்டு நாம் வாயிலில் நிற்பதிற் பயனில்லை.

தூசியைப் பற்றி ஒரு சொல். சிலிக்கா தூசி நுரையீரலை என்ன செய்யும் என்பதை நம் குடும்பங்களிற் பலர் கண்ணீரோடு அறிவர். பாலியூரித்தேன் நுரையின் பொடியும் மூச்சில் புகத்தக்கதன்று. முகமூடியும் உறிஞ்சு குழாயும் இன்றி அவ்வேலையில் நம் பிள்ளைகளை விடலாகாது. தெர்மாகோல் மணிகளோ மின்னேற்றத்தால் உடம்பெல்லாம் ஒட்டும். காற்றிற் பறந்து மணிமுத்தாற்றில் விழின் மக்கிப்போகாது. நீரில் கரைக்கும் விநாயகர் திருவுருவங்களில் தெர்மாகோலும் பாரிஸ் சாந்தும் கூடா என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் விதி வகுத்தது. அது களிமண் தொழிலாளருக்கு நன்மையான விதி. நுரை பட்டறைக்குள்ளே மூலவுருவாக இருக்கலாம். விற்கும் திருவுருவத்துக்குள் அது புகுந்தால் நம் வழக்கை நாமே கெடுத்தவராவோம்.

ஓர் இயந்திரக் கையை வாங்கும் பொருள்வளம் நம் சங்கத்துக்கு இல்லை. வாங்கவேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. கற்கும் வழி உண்டு. தமிழ்நாட்டு அரசு 2022-இல் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் தொழில் 4.0 மையங்களாக உயர்த்தப்பட்டன. அவற்றில் தொழிற்சாலை ரோபோக்களை இயக்கும் பயிற்சி ஒரு பாடமாக இருக்கின்றது. பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயம் அளிக்கும் அரசுப் பயிலகம் நம் ஊரிலேயே இருக்கின்றது. ஒரே வீட்டில் அண்ணன் ஒன்றையும் தம்பி மற்றொன்றையும் கற்பின் அவ்வீட்டிற்கு வரும் வேலை பெரிது. பெண்மக்களை இதிலிருந்து விலக்குவானேன்? திகிரி சுழற்றும் உடல்வலி இங்கு வேண்டாம். கண்ணும் கணக்குமே வேண்டும்.

அதற்கு முன் இன்றே செய்யத்தக்க வேலை ஒன்றுண்டு. நம் வீடுகளின் பரண்களில் முன்னோர் கையால் வடித்த மூலவுருக்கள், மரத்திலும் சுடுமண்ணிலும் சாந்திலுமாகக் கிடக்கின்றன. சில உடைந்தன, சில கரையான் வாய்ப்பட்டன. ஒளியால் அளந்து கணிப்பொறியில் பதிந்துவைத்தால், அவை எந்த அளவிலும் மீண்டும் பிறக்கும். நல்ல கைப்பேசி கொண்டு நாற்புறமும் நூறு படம் எடுத்தாலே அவ்வேலை ஒருவாறு ஆகும். நம் வாலிபர் அதனைச் செய்ய முன்வந்துள்ளனர். எவருடைய உருவோ அவர் பெயரே பதிவேட்டில் நிற்கும். அவர் இசைவின்றி எவரும் அதிலிருந்து அச்செடுக்கலாகாது என்று சங்கம் தீர்மானம் செய்தல்வேண்டும். அத்தீர்மானத்தை எழுதி வந்திருக்கின்றேன். தலைவர் அவர்கள் அனுமதித்தால் இப்பொழுதே படிக்கின்றேன். உருக்களைக் கொண்டுவருவோர் அவற்றைக் கழுவாமல், உள்ளபடியே துணியிற் சுற்றிக் கொண்டுவருக. பழைய சாந்து ஒட்டியிருந்தால் அதனைச் சுரண்டவேண்டா.