கென்யாவின் நாற்றங்கால்கள்

ஆப்பிரிக்காவின் கென்யா தேசத்திலே, விறகுக்கும் குடிநீருக்கும் நெடுந்தூரம் நடந்து அலுத்துப்போன கிராமத்து ஸ்திரீகளின் கஷ்டத்துக்கு மரம் நடுவதே பரிகாரமெனக் கண்டு, 1977-இல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கியவர் வங்காரி மாத்தாய் அம்மையார். நாற்று வளர்ப்பது படித்த வனத்துறையினரின் வித்தை என்று அதிகாரிகள் சொல்ல, அந்தப் பெண்களோ தங்கள் வயல் அனுபவத்தையே சாஸ்திரமாகக் கொண்டு, அக்கம்பக்கத்து மரங்களின் விதைகளைப் பொறுக்கி, பழைய தகர டப்பாக்களிலும் உடைந்த சட்டிகளிலும் மண் நிரப்பி முளைக்கவைத்து நட்டார்கள். பிழைத்து நின்ற கன்றுக்கு மட்டுமே சிறு சன்மானம் என்ற ஏற்பாடுதான் எத்தனை விவேகமானது! 1989-இல் நைரோபியின் உஹுரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் எழுப்ப அரசாங்கம் முனைந்தபோது, பாராளுமன்றத்திலேயே ஏளனம் செய்யப்பட்டும் சளைக்காமல், கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி எதிர்த்தார் அம்மையார். கட்டடம் எழும்பவே இல்லை. 2004-இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற அவரே, அப்பரிசை வென்ற முதல் ஆப்பிரிக்கப் பெண்மணி.